வடசுமத்ராவின் கரோ மலைநாட்டு வேளாண் சிற்றூரில் நிலவுரிமையும் வாழ்வியலும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தோனேசியாவின் வடசுமத்ரா மாகாணத்தைச் சேர்ந்த கரோ மலைநாடு, எரிமலை மண்ணில் காய்கறியும் பழமும் விளைவிக்கும் சிற்றூர்களால் ஆனது. இவ்வூர்களில் நிலம் என்பது வருவாய் தரும் சொத்தாக மட்டும் அமையாமல், குலம், மண உறவு, ஊர் உறுப்புரிமை ஆகியவற்றின் அடையாளமாகவும் விளங்குகின்றது. வழக்காற்றுச் சட்டம், 1960ஆம் ஆண்டின் வேளாண் நிலச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், சந்தைப் பயிர்கள், சினாபூங் எரிமலைச் சீற்றம் ஆகியவை அந்நிலவுரிமையை எவ்வாறு மாற்றியுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்கமுறையில் ஆராய்கின்றது. சிற்றூரில் தொடர்ந்து வாழ விரும்பும் இளந்தலைமுறைக்கும் பெண்மக்களுக்கும் உள்ள வாய்ப்புகளும் தடைகளும் எவை என்பதே கட்டுரையின் மையவினா ஆகும்.

திறவுச்சொற்கள்: கரோ, வழக்காற்றுச் சட்டம், நிலவுரிமை, மரபுரிமை, செம்பிரிங், சினாபூங், மலைநாட்டு வேளாண்மை.

முன்னுரை

2016ஆம் ஆண்டு மே 21 அன்று சினாபூங் எரிமலையின் சரிவில் இறங்கிய கொதிசாம்பல் முகில், கம்பெர் என்னும் சிற்றூரில் எழுவரின் உயிரைப் பறித்தது. அவ்விடம் மக்கள் நுழையக் கூடாது என்று அரசு அறிவித்திருந்த பகுதியாகும். எனினும் உழவர்கள் அங்குச் சென்று தம் வயல்களில் வேலை செய்துகொண்டிருந்தனர். உயிருக்கு ஊறு நேரும் என்ற எச்சரிக்கைக்குப் பின்னரும் மக்களை ஒரு நிலத்துக்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்வது யாது என்னும் வினா இங்கு எழுகின்றது. வறுமை என்று மட்டும் விடை கூறின் அது முழுமையுடையதாகாது. கரோ சிற்றூரில் ஒருவர்க்கு நிலம் எவ்வாறு வந்தடைகின்றது, அவர் அதனை எவ்வாறு இழக்கின்றார், இழந்தபின் அவர் நிலை யாது என்பவற்றை அறிந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை காண இயலாது. அவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாடும் ஊர் அமைப்பும்

கரோ மலைநாடு மேடான் நகருக்குத் தெற்கே, தோபா ஏரிக்கு வடக்கே அமைந்துள்ளது. இன்றைய கரோ மாவட்டத்தின் தலைமையிடம் காபன்ஜாஹே. அதற்கு அருகிலுள்ள பெரஸ்தாகி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. சிபாயாக், சினாபூங் ஆகிய இரு எரிமலைகள் இச்சமவெளியை நோக்கி நிற்கின்றன. மண்ணின் வளத்துக்கு இவ்விரு மலைகளே காரணம்; அழிவுக்கும் அவையே காரணமாக அமைந்தமையைப் பின்னர்க் காணலாம்.

ஊரைக் கரோ மொழியில் ‘குத்தா’ என்பர். ஊரின் உட்பிரிவு ‘கெசாயின்’ எனப்படும். மேட்டுநிலப் புன்செய் ‘ஜூமா’ என்றும் நன்செய் ‘சாபா’ என்றும் பெயர் பெறும். ஊரைச் சுற்றிப் பொதுக்காடும் மேய்ச்சல் நிலமும் இருந்தன. பழைய குடியிருப்பு ‘சிவாலு ஜாபு’ என்னும் எண்குடும்ப மனையாகும். தூண்கள் மீது உயர்த்தி, ஆணியின்றி மரத்தால் கட்டப்பட்ட இம்மனையில் எட்டுக் குடும்பங்கள் வாழ்ந்தன. இரு குடும்பங்களுக்கு ஓர் அடுப்பு என நான்கு அடுப்புகள் இருந்தன. 1947இல் டச்சுப் படையெடுப்பின்போது மலைநாட்டின் பல ஊர்கள் எரியுண்டமையாலும், பின்னர்த் தனிவீடுகள் பெருகியமையாலும் இம்மனைகள் அருகின. லிங்கா, டோக்கான் முதலிய ஊர்களில் எஞ்சியவற்றை இன்றும் காணலாம்.

குலமும் கொண்டு கொடுத்தலும்

கரோ சமூகம் ஐந்து பெருங்குலங்களால் ஆனது. அவை கிந்திங், கரோ-கரோ, பெராங்கின்-அங்கின், செம்பிரிங், தாரிகான் என்பனவாம். குலம் தந்தைவழியாக வருவது. ஆண்மக்கள் அதனை ‘மெர்கா’ என்றும், பெண்மக்கள் தம் பெயருக்கு முன் ‘பெரு’ என்றும் குறித்துக்கொள்வர்.

இவற்றுள் செம்பிரிங் குலம் தமிழாய்வாளர்களின் கவனத்துக்கு உரியது. இதன் உட்கிளைகளாகச் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமணா முதலிய பெயர்கள் வழங்குகின்றன. சோழர், பாண்டியர், மலையாளம் என்னும் பெயர்களோடு இவற்றைத் தொடர்புபடுத்துவது ஆய்வுலகில் நெடுநாளாக நிலவும் கருத்தாகும். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவாவில் கிடைத்த, கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு, இப்பகுதியில் தமிழ் வணிகர் வந்து தங்கியமைக்குச் சான்றாகும். எனினும் இன்றைய செம்பிரிங் மக்கள் மொழியாலும் வழக்காலும் கரோ சமூகத்தினரே. குலப்பெயர்களை வணிகத் தொடர்பின் எச்சமாகக் கொள்ளலாமேயன்றி, அவற்றை மட்டும் கொண்டு ஒரு மக்கள் குழுவின் வரலாற்றை முடிவுசெய்தல் பொருந்தாது.

நிலவுரிமையை அறிய இன்றியமையாதது மூவகை உறவு ஆகும். உடன்குலத்தார் ‘செனினா’ எனப்படுவர். பெண் கொடுத்தோர் ‘காலிம்புபு’. பெண் எடுத்தோர் ‘அனாக் பெரு’. காலிம்புபுவைக் கண்ணுக்குப் புலப்படும் தெய்வம் என்று கரோ மக்கள் போற்றுவர். அனாக் பெரு விழாக்களில் பணிசெய்வதோடு வழக்குகளில் நடுநின்று பேசும் கடமையும் உடையவர். தாயின் உடன்பிறந்தானை ‘மாமா’ என்றே அழைக்கும் இம்மக்களிடத்தில், ஓர் ஆண் தாய்மாமன் மகளை மணத்தல் சிறப்பாகக் கருதப்படுகின்றது. ஆனால் அத்தை மகளை மணத்தல் ஏற்கப்படுவதில்லை. பெண் கொடுத்த திசையும் பெண் எடுத்த திசையும் மாறிவிடக் கூடாது என்பதே இதன் காரணம். கரோ மானிடவியலாளர் மஸ்ரி சிங்காரிம்புன் 1975இல் வெளியிட்ட உறவுமுறை பற்றிய நூல் இவ்வமைப்பை விரிவாக விளக்குகின்றது.

மரபுவழி நிலவுரிமை

ஊரை நிறுவிய குலத்தாரே அவ்வூர் மண்ணின் உரிமையாளராகக் கருதப்பட்டனர். காட்டைத் திருத்தி வயலாக்கியவர்க்கு அவ்வயலில் நிலையான உழவுரிமை கிட்டியது. பிற குலத்தார் பெரும்பாலும் பெண் எடுத்த உறவால் ஊருக்குள் வந்து நிலம் பெற்றனர். எனவே, ஒருவர் எவ்வூரில் எவ்வளவு நிலம் உழுகின்றார் என்பது அவருடைய முன்னோர் யாரை மணந்தனர் என்பதோடு பிணைந்திருந்தது.

நிலத்தை விற்பதும் அடகு வைப்பதும் தனியொருவர் விருப்பத்தால் மட்டும் நிகழ்வதில்லை. மூவகை உறவினரும் ‘ருங்குன்’ என்னும் அவையில் கூடிப் பேசுதல் மரபாகும். முதலில் உறவினர்க்கும், பின்னர் ஊராருக்கும், இறுதியாகவே அயலாருக்கும் நிலம் செல்லும். இத்தகைய அவைப் பேச்சு எழுத்தில்லாத பதிவேடாகச் செயற்பட்டது எனலாம். எல்லை எது, உரிமை யாருடையது என்பதை நினைவில் கொண்டிருந்தோர் அவ்வவையினரே.

சந்தைப் பயிரும் வாழ்வாதாரமும்

1904இல் டச்சு ஆட்சி மலைநாட்டை உட்படுத்திய பின்னர், மேடானையும் பெரஸ்தாகியையும் இணைக்கும் சாலை அமைந்தது. கீழ்நாட்டுப் புகையிலைத் தோட்டங்களின் மேலாளர்களும் நகரத்தாரும் உண்ணும் காய்கறிகளை விளைவிக்கும் இடமாக மலைநாடு மாறியது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட் முதலியன 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பரவின. இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இவை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றுமதியாயின. 1963ஆம் ஆண்டில் மலேசியாவோடு இந்தோனேசியா கொண்ட பகைமையால் அவ்வணிகம் தடைப்பட்டது. தொலைவிலுள்ள தலைநகரில் எடுக்கப்படும் முடிவால் மலையுழவரின் விளைச்சல் விலைபோகாமல் அழுகக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பிற்காலத்தில் ஆரஞ்சு, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம், காப்பி ஆகியவை இடம்பெற்றன. இப்பயிர்மாற்றம் நிலவுரிமையையும் மாற்றியது. நெல்லும் கிழங்கும் பருவத்தோடு முடிபவை. ஆரஞ்சும் காப்பியும் பல்லாண்டுப் பயிர்கள். மரம் நட்ட நிலத்தைத் தரிசாக விட்டு ஊரின் சுழற்சிக்குத் திருப்பித் தருதல் இயலாது. மரம் நட்டவர் அந்நிலத்தை நிலையாகத் தம்முடையதாக்கிக் கொள்கின்றார். இவ்வாறு பொதுநிலம் சுருங்கித் தனிநிலம் பெருகியது.

உழைப்பு முறையும் மாறியது. ‘அரோன்’ என்பது முன்னாளில் இளைஞர் குழுவாகக் கூடி ஒருவர் வயலில் ஒருநாள், மற்றொருவர் வயலில் மறுநாள் என முறைவைத்து உழைக்கும் கைம்மாற்று ஏற்பாடு. இன்று அச்சொல் நாட்கூலிக் குழுவையும் குறிக்கின்றது. உழைப்பைக் கைம்மாறாகத் தந்த காலத்தில் பணமில்லாக் குடும்பமும் பயிரிட முடிந்தது. கூலி, உரம், பூச்சிமருந்து அனைத்துக்கும் பணம் வேண்டும் என்ற நிலையில், நிலம் இருந்தும் பயிரிட இயலாமல் அதனை அடகுவைக்கும் நிலை உருவாகின்றது.

அரசுச் சட்டமும் வழக்காறும்

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று நிறைவேறிய அடிப்படை வேளாண் நிலச் சட்டம், குடியேற்றக்கால நிலச்சட்டத்தை நீக்கி வழக்காற்றுச் சட்டத்தையே தன் அடிப்படையாக அறிவித்தது. எனினும் அவ்வழக்காறு நாட்டின் நலனுக்கு முரண்படாதிருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. இச்சட்டத்தின்கீழ் முழுமையான உடைமையுரிமை ‘ஹாக் மிலிக்’ எனப்படும். இது மரபுரிமையாகச் செல்வது, காலவரம்பு அற்றது. இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே இதனைப் பெறலாம். அயல்நாட்டவர்க்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ உடைமையுரிமையை மாற்றும் ஒப்பந்தம் செல்லாது. அந்நிலம் அரசைச் சேரும். மணத்தாலோ மரபுரிமையாலோ அயல்நாட்டவர் ஒருவர்க்கு இவ்வுரிமை வந்தாலும் ஓராண்டுக்குள் அவர் அதனை விட்டுவிட வேண்டும். அந்நாட்டில் வாழும் அயல்நாட்டவர்க்குக் காலவரம்புடைய பயன்பாட்டுரிமை மட்டுமே உண்டு. உள்நாட்டவர் ஒருவரின் பெயரில் நிலம் வாங்கித் தாமே ஆள நினைப்போர் எல்லாவற்றையும் இழக்க நேரிடும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

உழவரைக் காக்கும் மூன்று விதிகள் ஈண்டுக் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, அடகு பற்றியது. 1960ஆம் ஆண்டின் 56ஆம் எண் சட்டப்படி, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் அடகிலிருந்த வேளாண் நிலத்தை, மீட்புப் பணம் பெறாமலே உரியவரிடம் திருப்பித் தருதல் வேண்டும். ஏழாண்டுக்குள் மீட்பின், ஏழரையிலிருந்து கழிந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, அடகுத் தொகையால் பெருக்கி வருவதே மீட்புத் தொகையாகும். சான்றாக, நான்கு ஆண்டுகள் கழிந்திருப்பின் எஞ்சுவது மூன்றரை. அதனை ஏழால் வகுத்தால் அரை. ஆகவே வாங்கிய தொகையில் பாதியைத் தந்தால் போதும். நிலத்தை அனுபவித்த பயனே கடனைக் கழிக்கின்றது என்பது இவ்விதியின் கருத்து. ஆனால் வழக்காற்றில் முழுத்தொகை தந்தே மீட்டல் முறை. கடன் தந்தவர் காலிம்புபுவாகவோ செனினாவாகவோ இருக்கும் ஊரில், சட்டத்தைக் காட்டிப் பணம் தராமல் நிலம் கேட்பது உறவை முறிப்பதாகும். எனவே இவ்வுரிமை ஏட்டளவில் நிற்கின்றது.

இரண்டாவது, நிலத்துண்டாடலைத் தடுப்பது. ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர் நிலம் வேண்டும் என்பதை இலக்காகக் கொண்ட அதே சட்டம், அவ்வளவிற்குக் குறைந்த உடைமையை உண்டாக்கும் கைமாற்றத்தைத் தடைசெய்தது. ஆயின் மரபுரிமைப் பங்கீட்டுக்கு விலக்கு அளித்தது. நிலம் பெரிதும் துண்டாவது மரபுரிமைப் பங்கீட்டால் என்பதை எண்ணின், இவ்விதியின் வலுவின்மை விளங்கும்.

மூன்றாவது, ஊரில் வாழாத உடைமையாளர் பற்றியது. 1961ஆம் ஆண்டின் 224ஆம் எண் அரசாணைப்படி, நிலம் அமைந்துள்ள வட்டத்துக்கு வெளியே வாழ்பவர் ஆறு மாதங்களுக்குள் நிலத்தை அங்கு வாழ்பவர்க்கு மாற்றுதல் வேண்டும் அல்லது தாமே அங்குக் குடிபெயர்தல் வேண்டும். அண்டை வட்டத்தார்க்கும் அரசுப் பணியாளர்க்கும் விலக்கு உண்டு. பெரஸ்தாகியைச் சுற்றி நகரத்தார் ஓய்வில்லங்கள் பெருகும் இந்நாளில், வேளாண் நிலம் வேளாளரிடமே இருத்தல் வேண்டும் என்னும் இவ்விதியின் நோக்கம் நிறைவேறியுள்ளதாகக் கூற இயலவில்லை.

நிலப்பதிவும் கருதத்தக்கது. ஊர்த்தலைவர் தரும் சான்றுக்கடிதமே மலைநாட்டில் பல நிலங்களுக்கு ஆவணமாக இருந்து வந்துள்ளது. அண்மைக்காலமாக அரசு நடத்தும் முழுமையான நிலப்பதிவுத் திட்டம் உழவர்க்குப் பட்டாவைப் பெற்றுத் தருகின்றது. இதனால் வங்கிக் கடன் பெறும் வழி திறக்கின்றது; எல்லைத் தகராறும் குறைகின்றது. ஆனால் ருங்குன் அவையில் பலர்க்கு இருந்த சொல்லுரிமை, பட்டாவில் ஒருவர் பெயராகச் சுருங்கிவிடுகின்றது. அப்பெயர் கணவனுடையதாகவோ மூத்த மகனுடையதாகவோ அமைந்துவிடின், மற்றவர் உரிமை மறைந்துபோகும் வாய்ப்பு உண்டு.

மகளின் பங்கு

கரோ வழக்காற்றில் பெற்றோரின் நிலம் ஆண்மக்களுக்கே உரியது. மணமாகிச் செல்லும் மகள் வேறு குலத்தின் பிள்ளைகளைப் பெறுகின்றாள். அவளுக்கு நிலம் தந்தால் அது அடுத்த தலைமுறையில் அயற்குலத்தைச் சேர்ந்துவிடும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆயினும் அன்பின் கொடையாக மகளுக்கு ஒரு துண்டு நிலம் தரும் வழக்கமும் உண்டு. இதனைப் ‘பெமெரே’ என்பர். இது கேட்டுப் பெறும் உரிமை ஆகாது. தருவோர் மனம் இரங்கித் தருவது.

இந்நிலையில் இந்தோனேசிய உச்சநீதிமன்றம் 1961ஆம் ஆண்டின் 179ஆம் எண் வழக்கில் வழங்கிய தீர்ப்பு பெருந்திருப்பமாகும். கரோ குடும்பம் ஒன்றில் எழுந்த அவ்வழக்கில், மனிதநேயம், பொதுநீதி, ஆண்-பெண் சமவுரிமை ஆகியவற்றின் அடிப்படையில், மகனும் மகளும் பெற்றோர் சொத்தில் சமபங்குடைய மரபுரிமையாளர் என நீதிமன்றம் கூறியது. 1974ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும், மணவாழ்வில் ஈட்டிய சொத்து இருவர்க்கும் பொது என்றும், மரபுரிமையாக வந்தது அவரவர்க்கே உரியது என்றும் வரையறுத்தது.

சட்டத்துக்கும் வழக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு ஹெக்டேர் ஜூமாவும் இரு மகன்களும் ஒரு மகளும் உடைய குடும்பம் ஒன்றைக் கருதுவோம். வழக்காற்றின்படி மகன் ஒவ்வொருவர்க்கும் அரை ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1.23 ஏக்கர் சேரும். தீர்ப்பின்படி மூவர்க்கும் தலைக்கு ஏறத்தாழ 82 சென்ட் சேரும். மகள் வழக்குத் தொடுத்தால் 82 சென்ட் பெறலாம். ஆனால் உடன்பிறந்தோரே அவளுடைய கணவன் வீட்டார்க்குக் காலிம்புபு ஆவர். அவள் பிள்ளைகளின் திருமணத்திலும் இறப்புச் சடங்கிலும் அவர்கள் வந்து நின்றாலன்றிச் சடங்கு நிறைவுறாது. தாய்வீட்டாரின் மதிப்பையும் 82 சென்ட் நிலத்தையும் எடைபோட வேண்டிய நிலை அவளுக்கு உண்டாகின்றது. சட்டம் உரிமையைத் தந்தும் பெண்டிர் பலர் அதனைக் கோராமைக்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறவியலாது. நீதிமன்றத்துக்குச் செல்லாமல் அத்தீர்ப்பை நினைவூட்டி, ருங்குன் அவையில் பெமெரே அளவைக் கூட்டிக் கேட்பது நடைமுறைக்கு உகந்த இடைவழியாகும்.

எரிமலையும் இடப்பெயர்வும்

ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அமைதியாக இருந்த சினாபூங், 2010 ஆகஸ்டில் விழித்தது. 2013 செப்டம்பரில் மீண்டும் சீறத் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2014 பிப்ரவரி 1 அன்று சுக்கா மெரியா ஊரில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வூரோடு பெக்கெரா, சிமாச்செம் ஆகிய ஊர்களின் மக்களையும் அரசு சியோசார் என்னும் காட்டுப்பகுதியில் குடியமர்த்தியது. குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வீடும் அரை ஹெக்டேர் உழவுநிலமும் ஒதுக்கப்பட்டன.

நிலவுரிமை நோக்கில் இவ்விடப்பெயர்வு இரு மாற்றங்களைக் கொண்டது. ஒன்று, பழைய ஊரில் நிறுவனர் குலத்தார் என்றும் வந்தேறியோர் என்றும் இருந்த வேறுபாட்டுக்குப் புதிய ஊரின் நிலப்பங்கீட்டில் இடமில்லை. அனைவர்க்கும் ஒரே அளவு. மற்றொன்று, அரை ஹெக்டேருக்கு மேல் உழுத குடும்பத்துக்கு இது இழப்பு. நிலமற்றிருந்த குடும்பத்துக்கு இது பேறு. பழைய நிலம் சட்டப்படி அழிவதில்லை. ஆனால் உழவும் விற்கவும் இயலாத சொத்தாகிவிடுகின்றது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் மக்கள் திரும்பிச் சென்றதன் காரணம் இப்போது விளங்கும். முகாமில் வாழும் உழவர்க்குத் தம் நிலம் ஒன்றே வருவாயும் ஊரார் என்னும் தகுதியும் ஆகும். அதனைத் தரிசாக விடுதல் இவ்விரண்டையும் இழத்தற்கு ஒப்பானது.

இளந்தலைமுறையின் வாய்ப்புகள்

மலைநாட்டுப் பெற்றோர் பிள்ளைகளின் கல்விக்கு முதன்மை தருகின்றனர். ஒரு பருவ விளைச்சல் மேடானில் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகின்றது. விளைச்சல் பொய்த்தால் நிலம் அடகாகின்றது. படித்தோர் நகரிலேயே தங்கிவிடுவதால் மீட்பார் இல்லாத அடகு, நாளடைவில் விற்பனையாக முடிகின்றது. இவ்வாறு நிலமே கல்வியாக மாறி ஊரைவிட்டு வெளியேறுகின்றது எனலாம்.

ஊரில் தங்குவோர்க்கும் வழிகள் இல்லாமல் இல்லை. நகரில் வாழும் உடன்பிறந்தாரின் பங்கைக் குத்தகைக்கு எடுத்தால் துண்டுகள் மீண்டும் ஓர் உழவுக்குள் சேர்கின்றன. கடன் கூட்டுறவுச் சங்கங்கள், வணிகரிடம் விளைச்சலை முன்விற்பனை செய்யும் தேவையைக் குறைக்கின்றன. 2014ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் 2015 முதல் ஊர்களுக்கு நேரடியாக வரும் நிதி, வயற்சாலைகளுக்குப் பயன்படுகின்றது. அழுகும் பொருளை விளைவிப்போர்க்குச் சாலையே முதல் மூலதனம் என்பதால் இதன் பயன் சிறிதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

கரோ சிற்றூரில் நிலவுரிமை குலத்தாலும் மண உறவாலும் உருவானது. சந்தைப் பயிர்கள், குறிப்பாகப் பல்லாண்டு மரப்பயிர்கள், அதனைத் தனியுடைமையாக்கின.

1960ஆம் ஆண்டுச் சட்டங்கள் அடகு, துண்டாடல், ஊரில் வாழா உடைமை ஆகியவற்றைக் கட்டுப்படுத்த முயன்றன. உறவின் வலிமையும் மரபுரிமை விலக்கும் அவற்றின் பயனைக் குறைத்தன.

மகளுக்குச் சமபங்கு 1961 முதல் நீதிமன்றத்தால் ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் தாய்வீட்டு உறவைக் காக்கும் தேவை அவ்வுரிமையைக் கோரவிடாமல் தடுக்கின்றது.

நிலப்பதிவின்போது கணவன், மனைவி இருவர் பெயரையும், மரபுரிமை நிலமாயின் பங்குடையோர் அனைவர் பெயரையும் பதிதல் வேண்டும். இவ்வொரு நடைமுறை பின்பற்றப்படின், ருங்குன் அவை காத்த பன்முக உரிமை எழுத்திலும் நிலைபெறும்.

சினாபூங் சரிவில் உயிரைப் பணயம் வைத்து உழுதவர்க்கு வேறு நிலமும், அந்நிலத்தின்மீது ஐயமற்ற உரிமையும் உரிய காலத்தில் கிட்டியிருப்பின் அவர்கள் அங்குத் திரும்பிச் செல்லும் தேவை குறைந்திருக்கும். எனவே மலைநாட்டில் நிலவுரிமையைத் தெளிவாக்குதல் உயிர்காக்கும் பணியாகவும் அமைகின்றது.